பந்து வண்டி இழுத்த தேர்

பங்குனி 3, செவ்வாய்.

காலையில் பனி. பத்து மணிக்குத்தான் தேயிலை ஸ்டோர்க் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. கொழுந்து குறைவு, அதனால் தேயிலை அரைப்பது அரை நாள்தான். ஸ்டோரில் மெசின்களைப் பார்க்கிற பிட்டர் இவர்தான், என் வீட்டுக்காரர். சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று கீரை கடைந்து வைத்தேன். வரவில்லை.

மூன்று மணிக்கு வந்தார். பின்னால் ஆறு பேர், ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு. வெள்ளைக்காரத் துரை கிளப்பில் பந்து அடிக்கப் போகும்போது ஏறிப் போகிற சின்ன வண்டி. பெட்டரியில் ஓடுவது. துரை சீமைக்குப் போனபின் பங்களாக் கராஜில் கிடந்தது. சீட்டுக்கடியில் கோழி எச்சம், காய்ந்த புல், ஒரு முட்டை ஓடு. நாலு டயரிலும் காற்றில்லை.

"இந்த வருசம் அம்மா தேர இதுதான் இழுக்கப் போவுது" என்றார் கோயில் கமிட்டித் தலைவர் வீராசாமி. (இனி த. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுத மை வீண்.)

கோபம் எதற்கு என்று வரிசையாக:

1. வடம் பிடிக்க ஆள் இல்லை. உண்மை. தொழிலாளர் லயங்களில் பாதிக் காம்பரா அறைகளுக்குப் பூட்டு. எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியாகிவிட்டது. இருக்கிற ஆண்களில் பாதி இருமுகிறவர்கள்.
2. போன கூட்டத்தில், நாங்கள் பிடிக்கிறோம் என்று பெண்கள் கேட்டோம். பதுளையில் பெண்கள் வடம் பிடிப்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.
3. த. பதில்: "பொம்பளக் கை பட்டா வடம் தீட்டு. நம்ம தோட்டத்து வழக்கம் அது."
4. டிரக்டர் கேட்போமா என்றார் ஒருவர். உரம் ஏற்றுகிற வண்டியை அம்மாவுக்கு முன்னால் கட்டுவதா என்று அதுவும் கூடாதாம். கோழி எச்சம் மட்டும் பரவாயில்லை.

பக்கத்து லயத்துக் காமாட்சி மலையிலிருந்து கூடையோடு வந்தவள், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"தலைவரே, நல்லா பாத்துத்தான் எடுத்தீங்களா?"

"என்னா பாக்கணும்?"

"மீச இருக்கான்னு. பொட்ட வண்டியா இருந்துறப் போவுது."

தள்ளி வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். இவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். வண்டிக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

கீரை புளித்துப்போயிற்று.


பங்குனி 4, புதன்.

வெயில். துணி துவைக்க வைத்திருந்த நாள். துவைக்கவில்லை.

வண்டி எங்கள் குவாட்டர்ஸ் வாசலில்தான் நிற்கிறது. ஸ்டோரிலிருந்து கரண்டு வருவது இங்கேதான். சீட்டைத் தூக்கினால் உள்ளே ஆறு பெட்டரி. ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு ஈயக் குமிழ், அதன்மேல் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய். இவர் கத்தியால் சுரண்டினார். போகவில்லை. "இந்தா புள்ள, அப்பச்சோடா இருக்கா?"

இருந்தது. ஆப்பத்துக்கு வாங்கியது. வெந்நீரில் கரைத்து ஊற்றினோம், நுரைத்துப் பொங்கிக் கழன்றது. ஊற்றியது, தேய்த்தது, துடைத்தது எல்லாம் நான். பார்த்துச் சொன்னது அவர். அசிட் தெறித்ததில் நீலச் சேலையில் ஓட்டைகள். அக்கா கப்பல் ஏறும் முன்பு கொடுத்த சேலை.

வண்டியோடு ஒரு இங்கிலீஸ் புத்தகமும் கிடைத்தது. எனக்குத் தமிழ் எழுத்தே நானாகக் கூட்டிப் படித்தது. இங்கிலீஸ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் படம் இருக்கிறது. ஆறு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒரு கம்பி, ஒன்றின் கூட்டல் குறியிலிருந்து அடுத்ததன் கழித்தல் குறிக்கு. அந்த இரண்டு குறியும் வீட்டுக் கணக்கில் தினம் நான் போடுவதுதான். எந்தக் கம்பி எங்கே என்று இவர் கண்டுபிடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

"ஆமா ஆமா" என்றார், பார்க்காமலே.

ஐந்து பெட்டரியில் உயிர் இருக்கிறது. ஒன்று செத்தது.

இன்னொன்றும் எழுதுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு கை எப்போதும் வடத்தில் இருந்திருக்கிறது. முதலில் அப்பா. பிறகு அக்காவின் வீட்டுக்காரர். அவர் போனபின் இவர். இந்த வருடம் இவர் வண்டி ஓட்டப் போகிறார். வடத்தில் எங்கள் வீட்டுக் கை இல்லை. என் கை சும்மாதான் இருக்கிறது.


பங்குனி 5, வியாழன்.

ஆறரை பஸ். பசறை வரை நின்றுகொண்டே. பதுளையில் நல்ல வெயில், பஜாரில் கூட்டம். இவருக்கு லீவு இல்லை என்று என்னை அனுப்பினார்கள். பெட்டரி வாங்கப் பொம்பளை போகலாம், அதில் தீட்டு இல்லை.

பெட்டரிக் கடை முஸ்லிம் நானா நல்ல மனிதர். "ஆறு வோல்ட் இப்ப எங்க இரிக்கி தங்கச்சி? எல்லாம் பன்னெண்டுதான்" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு பழைய ஜீப்பின் பெட்டரியைத் தூக்கி வந்தார். பல்பு வைத்துக் காட்டினார். எரிந்தது.

"எனத்துக்கு இது?"

"தேர் இழுக்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தேர் எவ்வளவு கனம், பாதை எப்படி என்று கேட்டார். கோயிலிலிருந்து ஸ்டோர் வரை ஏற்றம், அங்கிருந்து தோட்டத்தின் கீழ் டிவிசனுக்கு இறக்கம் என்றேன்.

"ஏத்தம் பெரிசில்ல. எறக்கத்துல பின்னால இருந்து கனம் தள்ளும். வண்டிட பிரேக் ரெண்டு ஆள நிப்பாட்டத்தான். பின்னுக்குப் புடிக்கிறது யாருன்டு வீட்டுல கேளுங்க."

திரும்பும் பஸ்ஸில் பெட்டரி என் மடியில், சாக்கில் சுற்றி. கண்டக்டர் சத்தம் போட்டான். "அசிட் கொட்டுனா யாரு பொறுப்பு?" "எம் மடியிலதானே இருக்கு, நாந்தான் பொறுப்பு" என்றேன். வளைவுக்கு வளைவு அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக் கணக்கில்: பஸ், தேநீர், அப்பச்சோடா மறுபடி. பெட்டரி விலை கமிட்டி கணக்கு, அவர்களே எழுதட்டும்.

நானா சொன்னதை இவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.


பங்குனி 6, வெள்ளி.

விரதம். மதியத்துக்கு மேல் இடி, மழை இல்லை.

வண்டிக்குப் பூசை. வண்டி பூட்டும் முன்பே செய்ய வேண்டும் என்று த. அவசரம், ராகுகாலம் வந்துவிடுமாம். கம்பிகள் இன்னும் மாட்டவில்லை. ஸ்டோரில் கழித்துப்போட்ட பெரிய மோட்டரின் தடித்த கம்பியை இவர் வெட்டி வைத்திருக்கிறார், பழைய மெல்லிய கம்பிக்குப் பதிலாக. நல்ல யோசனை, அதை நான் மறுக்கவில்லை. பின்னால் தேரைக் கொளுவ ஒரு இரும்புக் கொக்கியும் வெல்டிங் வைத்து ஒட்டியாயிற்று. பின்சக்கரச் சில்லு வழுக்காமலிருக்க இரண்டு மூட்டை மணல்.

த. சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். ஸ்டியரிங்குக்குப் பொட்டு. சில்லுக்குப் பொட்டு. சீட்டைத் தூக்கச் சொல்லி, பெட்டரிக் குமிழ் ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். குமிழ் என்றால் தலை, தலை என்றால் பொட்டு. நானும் கும்பிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

கற்பூரம் அணைந்ததும் இவர் அப்படியே கம்பிகளை மாட்டி முடுக்கினார். வண்டி வெறுமையாக ஓடியது. கைதட்டினார்கள். காமாட்சி தட்டவில்லை.


பங்குனி 8, ஞாயிறு.

காலையில் இடியப்பம். பிறகு வெள்ளோட்டம்.

தேருக்குப் பதிலாகக் கல் ஏற்றிய வண்டி ஒன்றைப் பின்னால் கட்டினார்கள். சமதரையில் இழுத்தது. ஸ்டோர் ஏற்றத்தில் பாதிவரை போய், முனகி, நின்றுவிட்டது. ஒரு வாசனை வந்தது. சந்தன வாசனை. காற்றில் அப்படியே நிறைந்து நின்றது.

த. கைகூப்பினார். "அம்மா வந்துட்டா. அவதான் நிப்பாட்டிருக்கா. ஏதோ கொறை இருக்கு." எல்லாரும் கைகூப்பினார்கள். நானும்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

எலுமிச்சம்பழம் கட்ட வேண்டும், கண்ணூறு கழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே எல்லாரும் தேநீர் குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. வாசனை குறையவில்லை, சீட்டுக்கடியிலிருந்துதான் வந்தது. தூக்கினேன். குமிழ் குமிழாகத் தொட்டுப் பார்த்தேன். பச்சைத்தண்ணீர் மாதிரி, பச்சைத்தண்ணீர் மாதிரி, மூன்றாவது பெட்டிக்கும் நாலாவதுக்கும் நடுவில் கட்டைவிரல் பொசுங்கியது. கம்பிக்கும் குமிழுக்கும் இடையில் இருந்த சந்தனம் காய்ந்து, கருகி, புகைந்துகொண்டிருந்தது.

தண்ணீர் பிடிக்கிற பீலிக் குழாய் வாயில் இலை அடைத்தால் சொம்பு நிறையும், குடம் நிறையாது. அதேதான். வெறும் வண்டி ஓட அந்தச் சின்ன வழி போதும். பாரம் இழுக்கப் போதாது.

சீட்டை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.


பங்குனி 9, திங்கள்.

விரலில் கொப்புளம். நெருப்புக் குச்சியில் சுட்டுக்கொண்டேன் என்று இவரிடம் சொன்னேன்.

காமாட்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பீலியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு சிரித்தாள், உட்கார்ந்து சிரித்தாள்.

"அவரு வச்ச பொட்டு அவரு வண்டியவே நிப்பாட்டிருச்சா?"

"மெதுவா பேசு."

"அக்கா, நீங்க வாயத் தொறக்கக் கூடாது. வண்டி ஓடலைன்னா வேற வழியில்ல, நம்மளத்தான் கூப்பிடணும். நாப்பது பொம்பளைங்க இருக்கோம். தெனம் கொழுந்து சொமந்து ஏறுற ஏத்தந்தானே அது?"

"அம்மா காரியம், காமாட்சி."

"நாமளும் அம்மா காரியந்தான். சொன்னீங்கன்னா எங்கூடப் பேசாதீங்க."

இவர் மோட்டரைக் கழற்றி வாசல் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். பெட்டரி ஒவ்வொன்றுக்கும் பல்பு வைத்தாராம், எல்லாம் பளிச்சென்று எரிகிறதாம், ஆகையால் மோட்டரில்தான் கோளாறாம். பல்புக்கு ஒரு சொம்பு போதும். சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

விளக்கேற்றும்போது சாமிப் படத்தில் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தேன், பிறகு. அவள் ஒன்றும் கோபமாக இல்லை. எனக்குத்தான் கோபம்.


பங்குனி 11, புதன்.

தூறல். பாதை வழுக்கல்.

இரண்டாவது வெள்ளோட்டம். மோட்டருக்குள் உரசுகிற கரியைப் புதிதாகப் போட்டாயிற்று, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியாயிற்று. இந்த முறை ஏற்றத்தின் வளைவு வரை போயிற்று. நின்றது. அப்புறம் பின்னால் உருண்டது. கல் வண்டி முதலில், பந்து வண்டி அதற்குப் பின்னால், இரண்டும் சேர்ந்து. சில்லுக்குக் கட்டை போடுகிற முத்து ஓடிவந்து கட்டையைப் போட்டான். சில்லு அதில் ஏறி நின்றது. அவன் கால் விரலுக்கும் சில்லுக்கும் நாலு விரல் இடைவெளி. முத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

திருவிழாவன்று தேருக்குப் பின்னால் நடப்பவர்கள் யார்? பெண்கள். விளக்குத் தட்டோடு. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு.

த. என்ன சொன்னார் என்றால், "இன்னும் ஒம்பது நாள் இருக்கு. அம்மா வழி விடுவா."

இவர்கள் வண்டியை விடப்போவதில்லை. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தேரை அதில்தான் கட்டுவார்கள். பாதி ஏற்றத்தில் நின்றால், அப்போதுதான் எங்களைப் பார்ப்பார்கள், அதுவும் நாங்கள் சில்லுக்கடியில் கிடக்கும்போது.

சாப்பிடவில்லை.


பங்குனி 13, வெள்ளி.

குளித்துவிட்டு, விரதத்தோடு, சீட்டைத் தூக்கினேன். பன்னிரண்டு குமிழிலிருந்தும் கம்பிகளைக் கழற்றினேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் வெந்நீரில் துடைத்து எடுத்தேன். எடுத்ததைக் கால்படாத இடத்தில், ரோசாச் செடியடியில் போட்டேன். ஈயம் மின்னும் வரை தேய்த்தேன். இவர் குறுக்கே வந்து நின்றார்.

"என்னா செய்ற?"

இன்னும் தேய்க்காத கம்பியின் கருகிய முனையைக் காட்டினேன். பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"இத எப்ப பாத்த?"

"ஞாயித்துக்கெழம."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

நட்டுச் சாவியை எடுத்துக் கம்பிகளை நானே முடுக்கினேன். இறுகவில்லை என்று ஒன்றை மட்டும் அவர் வாங்கி முடுக்கினார். பிறகு, "காமாட்சிக்குத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். தலையை ஆட்டினார். நாங்கள் ஏன் சொல்லவில்லை என்பது அவருக்கும் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது என் கையாலேயே அந்த வண்டியை ஓட வைத்துவிட்டேன். காமாட்சி முகத்தில் எப்படி விழிப்பது?


பங்குனி 15, ஞாயிறு.

ஓடியது. கல் வண்டியோடு ஸ்டோர் வாசல் வரை, நிற்காமல். கம்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் குளிர்ச்சி.

"பிட்டரு கண்டுபிடிச்சிட்டாருப்பா" என்றார் த. என்ன கோளாறு என்று கேட்டதற்கு இவர், "ஒரு நட்டு லூசா இருந்துச்சு" என்றார். சந்தனத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் மறைத்தீர்கள் என்று. "தலைவரு மொகம் வாடிப்போகும்" என்றார். முத்துவின் கால் போயிருந்தால் யார் முகம் வாடியிருக்கும் என்று கேட்டேன்.

சாயங்காலம் கமிட்டிக் கூட்டத்தில் வைத்தே த.விடம் கேட்டுவிட்டேன். இறக்கத்தில் பின்னால் பிடிப்பது யார்?

"அதான் வண்டிக்குப் பிரேக்கு இருக்குல்ல."

"அது ரெண்டு பேருக்குத்தான் பிரேக்குன்னு பதுளையில சொன்னாங்க."

"பதுளையில ஆயிரம் சொல்லுவாங்கம்மா. நீங்க போயி மாவெளக்கப் பாருங்க."

இவர் இன்று முதன்முறையாக என் பக்கம் பேசினார். பின்வடம் ஒன்று கட்டித்தான் ஆக வேண்டும் என்றார். சரி, பின்வடத்துக்கு எட்டு ஆண்கள் என்று முடிவு. பேர் எழுதியாயிற்று.

காமாட்சி பீலியில் என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.


பங்குனி 18, புதன்.

மாவிளக்குக்கு அரிசி இடித்தது. கை வலி. தேருக்குக் காகிதப் பூ. பெட்டரி மூன்று நாளாக ஸ்டோரில் சார்ஜில்.

காமாட்சியிடம் நானே போனேன். முத்துவின் காலைச் சொன்னேன். தேருக்குப் பின்னால் அவளும்தானே நடப்பாள் என்றேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க செஞ்சது சரிதான் அக்கா" என்றாள் கடைசியில். "அதுனால எனக்குக் கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காதீங்க."

"எனக்கும் போவல."

"அப்ப ஒக்காருங்க. தேத்தண்ணி குடிங்க."


பங்குனி 20, வெள்ளி. தேர்.

எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலை வெயில், காற்று. அம்மாவைத் தேரில் ஏற்றினார்கள். பச்சைப் பட்டு, வேப்பிலை மாலை. பார்த்ததும் நெஞ்சு நிறைந்தது. அப்போது த. மறுபடி சந்தனக் கிண்ணத்தோடு வண்டிச் சீட்டைத் தூக்கப் போனார். நான் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாம்மா இது, எந்திரிங்க."

"பொட்டு வெளியில வைங்க தலைவரே. உள்ள வேணாம்."

"என்னா பேச்சு இது?"

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "அவ சொல்றபடி செய்ங்க தலைவரே. போன தடவ நின்னது அதாலதான்."

அத்தனை பேருக்கும் கேட்டது. த. ஸ்டியரிங்குக்கு மட்டும் பொட்டு வைத்தார்.

ஏற்றம்: மேளம் முன்னால், வண்டி, தேர், பின்னால் நாங்கள் தட்டோடு. மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. வளைவு தாண்டியபோது ஒரே ஆரவாரம். ஸ்டோர் வாசலில் பூசை, எல்லாருக்கும் மோர்.

இறக்கம்: பின்வடத்துக்குப் பேர் எழுதிய எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பின்னால் இல்லை. வண்டி ஓடுகிற அதிசயத்தைப் பார்க்க எல்லாரும் முன்னால் போய்விட்டார்கள். பின்வடம் தரையில் இழுபட்டுக்கொண்டு போகிறது. எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. முன்னால் போய்ச் சொல்லக் கூட்டம் விடவில்லை. முதல் வளைவில் தேர் வண்டியைத் தள்ள ஆரம்பித்தது. சில்லு வழுக்கியது. இவர் குரல் கேட்டது, "பிடிங்க, பின்னால பிடிங்க" என்று. வண்டியின் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பி, பள்ளத்தைப் பார்த்தது.

யார் முதலில் தட்டைக் கீழே வைத்தது என்று தெரியவில்லை. நானில்லை, நான் தட்டைப் போட்டேன். காமாட்சி வடத்தை எடுத்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்க முடியவில்லை. கால் மண்ணில் உழுதுகொண்டு போனது. யாரும் சத்தம் போடவில்லை. மூச்சு மட்டும். தேர் ஆடியது, அம்மாவின் மாலை ஆடியது, நின்றது. அதற்குப் பிறகுதான் முத்து கட்டையோடு வந்து சேர்ந்தான்.

ஆண்கள் ஓடிவந்து வடத்தைக் கேட்டார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்தால் கைமாறுகிற நேரத்தில் மறுபடி உருளும். அதனால் கொடுக்கவில்லை. அதனால் மட்டுமில்லை.

கீழ் டிவிசன் வரை பின்னால் பிடித்துக்கொண்டே போனோம், அங்கிருந்து கோயில் வரை சமபாதை. த. மேளத்தோடு முன்னாலேயே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

காமாட்சிக்கு இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது. தேங்காயெண்ணெய் போட்டுவிட்டேன். எனக்கு வலது கை மட்டும்.

வடத்தில் எங்கள் வீட்டுக் கை இருந்தது.


பங்குனி 21, சனி.

மழை, விடிந்ததிலிருந்து. உடம்பெல்லாம் வலி. இவர் தானே அடுப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டார், சீனி கூட.

பெட்டரிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் குளிர்ச்சி" என்றார். நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு முத்து வாசலில் வந்து நின்றான், நனைந்துகொண்டு, உள்ளே வரவில்லை. தலைவர் அனுப்பினாராம். வடத்தைத் தீட்டுக் கழித்துக் கழுவ வேண்டுமாம். கோயிலில் மஞ்சள் தீர்ந்துபோயிற்றாம். பிட்டரம்மா வீட்டில் இருக்கும், வாங்கி வா என்றாராம்.

"நா கேக்கலக்கா, அவருதான் கேக்கச் சொன்னாரு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

மஞ்சள் இருக்கிறது, தரமாட்டேன் என்று அப்படியே போய்ச் சொல்லச் சொன்னேன்.